நாட்டுப்பற்று பெருகுவது தாய்நாட்டிலா? அயல்நாட்டிலா?



சுலபமான தலைப்பு, பத்து நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லிட்டு எழுந்து போயிடலாம்னு நினைச்சுதான் வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு, அந்தப் பக்கமும் கண்ணீர் இருக்குன்னு.

தீர்ப்புக்கு முன்னால என் வண்டவாளத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். நானும் என் வீட்டம்மாவும் ஒரு தடவை சிங்கப்பூர் போயிருந்தோம். அங்கே தமிழும் ஆட்சிமொழி. பலகையில தமிழ் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு விம்மிடுச்சு. நம்ம ஊர்ல ஆயிரம் தமிழ்ப் பலகை இருக்கு. ஒண்ணையாவது நின்னு ரசிச்சிருக்கேனா? கிடையாது. அன்னைக்கு டாக்ஸியில போகும்போது அந்த டிரைவர், "உங்க நாட்டுல எல்லா இடமும் குப்பையா இருக்குமாமே?"ன்னு கேட்டுட்டார். விடுவேனா? தஞ்சைப் பெரிய கோயில் கட்டி ஆயிரம் வருஷம் ஆச்சுய்யான்னு ஆரம்பிச்சு, 2023ல நிலாவோட தென் துருவத்துக்குப் பக்கத்துல முதல்ல இறங்கின நாடு எங்க நாடுங்கிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பொழிஞ்சு தள்ளிட்டேன். இறங்கும்போது அந்த மனுஷன் மீதிச் சில்லறையை ரெண்டு கையாலயும் கொடுத்தார்! (சிரிப்பு)

அன்னைக்கு ஒரு மிட்டாய் சாப்பிட்டேன். அந்தக் காகிதத்தை அரை நாள் சட்டைப் பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மூணாம் நாள் சென்னை வந்து இறங்கினோம். ஆட்டோ மீனம்பாக்கத்தைத் தாண்டலை, அதே மிட்டாய், அதே மாதிரிக் காகிதம், வெளியே விட்டுட்டேன். பக்கத்துல இருந்த என் வீட்டம்மா சொன்னாங்க: "ஏங்க, உங்க நாட்டுப்பற்று பறந்து போகுதுங்க!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சிட்டோம். இப்ப யோசிப்போம். அங்கே பையில வெச்சிருந்தேனே, அது நாட்டுப்பற்றா, அபராதத்துக்குப் பயமா? எதிரணித் தங்கை இதைத்தான் கேட்டாங்க. பயமும் இருந்தது, ஒத்துக்கறேன். ஆனா டிரைவர்கிட்டே வாதாடினேனே, அதுக்கு யாரும் அபராதம் போடப் போறதில்லை. அது எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மூணு காரணம் சொல்லலாம்.

முதல் காரணம் தூரம். கிட்ட இருந்தால் முட்டப் பகைன்னு சொல்வாங்க. பக்கத்துல இருக்கும்போது தண்ணி வராத குழாயும், நகராத கோப்பும்தான் கண்ணுக்குத் தெரியும். கடல் தாண்டிப் போனதும் குழாய் மறந்து போகுது, கோயில் மணி ஞாபகத்துக்கு வருது. நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும்?

ரெண்டாவது, மத்தவங்க வாயால கேட்கிறது. நம்ம வீட்டுச் சமையல்ல உப்பு இல்லைன்னு நாம சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா சண்டைக்குப் போவோம். இங்கே இருக்கும்போது "இந்த நாடு உருப்படாது"ன்னு சொல்றோம். அங்கே போனதும் "எங்க நாட்டுல"ன்னு ஆரம்பிக்கிறோம். 'இந்த' நாடு, 'எங்க' நாடா மாறிடுது.

மூணாவதுதான் முக்கியம். இங்கே நமக்கு ஆயிரம் அடையாளம். எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மகன்னு கேட்டுக் கேட்டு நறுக்கி வெச்சிடறாங்க. எல்லை தாண்டினா ஒரே வார்த்தைதான்: இந்தியன்.

வெளிநாட்டு அணியில பேசின அந்தப் பெரியவர் சொன்னாரே, மறக்க முடியுமா? 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள்ளே நுழைஞ்சுது. அங்கே வேலை பார்த்த நம்ம ஆளுங்க பாலைவனம் தாண்டி ஜோர்டான் நாட்டுக்கு வந்து கூடாரத்துல கிடந்தாங்க. "வேலைக்குப் போகும்போது நான் ராமநாதபுரத்துக்காரன்யா. கூடாரத்துல இந்தியர் வரிசை எங்கேன்னுதான் கேட்டேன். எனக்கு முன்னால ஒரு பஞ்சாபி, பின்னால ஒரு மலையாளி. இருந்த ஒரு ரொட்டியை மூணா பிச்சுத் தின்னோம்"னார். அம்மான் நகரத்திலிருந்து ஏறத்தாழ ரெண்டு மாசம், 488 தடவை பறந்து, ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிக்கிட்டு வந்தது. "விமானத்து மேல எழுதியிருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சேன், அழுதேன்"னு அவர் சொன்னப்போ இந்த அரங்கமே அழுதது.

சரி, அப்ப தீர்ப்பு அயல்நாட்டுக்குத்தானான்னு கேட்டா, இந்தப் பக்கம் ஒரு தாய் எழுந்து நின்னாங்களே! ஓய்வு பெற்ற ஆசிரியை. "என் மகன் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் அங்கிருந்து போன் பண்ணுவான். அம்மா, கொடி ஏத்தினோம், எனக்கு அழுகையே வந்துடுச்சும்மான்னு சொல்லுவான். அவன் அப்பா போனப்போ வர முடியலை. ஆறு வருஷமா வரலை. நாட்டை நினைச்சு அழறவன், வீட்டை நினைச்சு ஒரு நடை வரக் கூடாதாய்யா?" இதுக்கு எந்த அணியிலும் பதில் இல்லை. என்கிட்டேயும் இல்லை.

அதனால இடத்தை வெச்சு அளக்கிறதை விட்டுட்டு வேற ஒரு தராசைத் தேடினேன். ரெண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தாங்க.

ஒருத்தர் திருப்பூர் குமரன். சென்னிமலையில பிறந்தவர். 1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூர் வீதியில கொடி பிடிச்சு நடந்தார். தடியடியில மண்டை உடைஞ்சு விழுந்தபோதும் கொடியை விடலை. மறுநாள் உயிர் போயிடுச்சு.

இன்னொருத்தி தில்லையாடி வள்ளியம்மை. பேர்லதான் தில்லையாடி. பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்ல. இந்திய மண்ணை மிதிச்சதே இல்லை. 1913ல, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாதுன்னு அங்கே ஒரு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒப்பந்தக்காலம் முடிஞ்ச கூலித் தொழிலாளி தலைக்கு மூணு பவுன் வரி கட்டணும்னும் சட்டம் இருந்தது. காந்தியடிகள் நடத்திய போராட்டத்துல இந்தச் சின்னப் பொண்ணும் நடந்தா, சிறைக்குப் போனா. காய்ச்சலோட வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி செத்துப் போனா. வயசு பதினாறு. அதே வருஷம் அந்த வரி ஒழிஞ்சுது, நம்ம திருமணங்களையும் சட்டம் ஏத்துக்கிச்சு. மறுவருஷம் தாயகம் திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்து போனார்.

ஒருத்தர் இங்கே, ஒருத்தி அங்கே. யாருக்குப் பற்று அதிகம்னு தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? ரெண்டு பேரும் விலை கொடுத்தாங்க. பற்றுக்கு அதுதான் தராசு. நான் டாக்ஸியில பேசினது இலவசம். ஒரு பைசா செலவில்லை!

உயிரைத்தான் கொடுக்கணும்னு இல்லை. நவீன் ஜிண்டால் அமெரிக்காவில் படிக்கப் போனார். அந்த ஊர்க்காரங்க தங்கள் கொடியை எங்கே வேணும்னாலும் பறக்கவிடறதைப் பார்த்தார். திரும்பி வந்து, இப்ப சத்தீஸ்கர்ல இருக்கிற ராய்கர்ல தன் தொழிற்சாலையில நம்ம கொடியை ஏத்தினார். கூடாதுன்னு அதிகாரிகள் தடுத்தாங்க. அந்தக் காலத்துல சாதாரணக் குடிமகன் சில விசேஷ நாள்ல மட்டும்தான் கொடி ஏத்தலாம். பல வருஷம் வழக்கு நடந்தது. நடுவுலயே, 2002 ஜனவரி 26 முதல் விதி தளர்ந்தது. 2004 ஜனவரி 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மரியாதையோட கொடியைப் பறக்கவிடறது குடிமகனின் உரிமைன்னு தீர்ப்புச் சொன்னது. இன்னைக்கு நம்ம வீட்டு மாடியில கொடி பறக்குதுன்னா, வெளிநாட்டுல ஒருத்தர் மனசுல முளைச்ச ஆசை, உள்நாட்டுல செலவழிஞ்ச உழைப்பு, ரெண்டும் சேர்ந்ததுதான். (கைதட்டல்)

ஆக என் தீர்ப்பு இது. நாட்டுப்பற்று பெருகுவது அயல்நாட்டில்தான். அந்த அணிக்கு வெற்றி. ஆனா பெருகின பற்றைச் செலவழிக்க வேண்டிய இடம் தாய்நாடு. வரி கட்டுறதுல, வரிசையில நிக்கிறதுல, குப்பையைத் தொட்டியில போடுறதுல, வயசானவங்களைப் பார்த்துக்கிறதுல அது செலவாகணும். யாரும் பார்க்க மாட்டாங்க, கைதட்ட மாட்டாங்க. அதனாலதான் இங்கே கஷ்டமா இருக்கு.

கடைசியா ஒரு வார்த்தை. அந்த ஆசிரியை அம்மாவோட மகனுக்கு. தம்பி, இந்த நிகழ்ச்சியை எங்கேயாவது உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பே. உன் கண்ணீரை நான் சந்தேகப்படலை. நிஜக் கண்ணீர்தான். அடுத்த ஆகஸ்ட் 15க்கு ஒரு டிக்கெட் போட்டு இங்கே வந்துடுப்பா. உங்கம்மா பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்துலயும் ஒரு கொடிக்கம்பம் இருக்கு. அம்மா பக்கத்துல நின்னு வணக்கம் வை.

வாழ்க பாரதம். (நீண்ட கைதட்டல்)