கிட்டார் பெடல் திடீரென ஊமையாகிவிட்டதா? தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

மைசூருவில் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடும் தொலைவில் இருக்கிறது மண்டி மொஹல்லா. அங்கே நான் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் கையாலேயே ஒரு கிட்டார் பெடலைக் கெடுத்தேன்.

பெடல் என்னுடையது அல்ல, கீழ் வீட்டுக் கல்லூரி மாணவருடையது. மறுநாள் மாலை அவருக்கு மேடை நிகழ்ச்சி. "அண்ணா, அடாப்டரை ஃப்ரெண்ட் வீட்ல விட்டுட்டேன், உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வைஃபை ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றிக் கொடுத்தேன். பின் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் விளக்கு எரியவில்லை. லேசான கருகல் வாசனைதான் வந்தது.

மறுநாள் காலை அவருடைய சொந்த அடாப்டர் வந்தது. அதைச் செருகியும் பெடல் அசையவில்லை. முதலில் போன கடையில், "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். புதிதாக வாங்க அவரிடம் காசு இல்லை. தப்பு என்னுடையது என்பதால் எனக்குத் தூக்கமும் இல்லை.

உண்மையில் போர்டு போகவில்லை. அது எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் பெடல் நின்றுபோனால் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

பெடல் என்ன வேலை செய்கிறது?

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, தரையில் வைத்துக் காலால் அழுத்தும் சின்ன உலோகப் பெட்டிதான் பெடல். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின் சிக்னலை வாங்கி, அதைக் கரகரப்பாக்கியோ எதிரொலிக்கச் செய்தோ அலைபோல் ஆடவிட்டோ ஆம்ப்புக்கு அனுப்பும்.

இதன் பிறப்பே ஒரு பழுதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடலைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கரகரவென்று பதிவானது. 1961-ல் பாடல் அப்படியே வெளியாகிப் புகழ்பெற்றது. பதிவுப் பொறியாளர் க்ளென் ஸ்னாடி அதே கரகரப்பைத் தரும் சர்க்யூட்டை உருவாக்க, 1962-ல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் அந்தப் பெடலின் சத்தத்தை உலகமே கேட்டது.

ஆக, கரகரப்பது பெடலின் தொழில். அது பேசாமல் போனால்தான் பிரச்சினை.

முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். பெடலை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்ப்பில் இணையுங்கள். சத்தம் வரவில்லை என்றால் குற்றவாளி பெடல் இல்லை. சத்தம் வந்தால், இரண்டாவது கேபிளையும் அதேபோல் தனியாகச் சோதியுங்கள். மேடையில் மிதிபட்டு, சுருட்டப்பட்டு, இழுபடும் கேபிள்தான் முதலில் சந்தேகிக்க வேண்டிய ஆள்.

இதில் உள்ள தந்திரம் எளிமையானது. ஒவ்வொரு சோதனையும் சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். கேபிள், அடாப்டர், பேட்டரி மூன்றையும் ஒன்றாக மாற்றினால் பெடல் வேலை செய்யக்கூடும். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது.

விளக்கும் சத்தமும் என்ன சொல்கின்றன?

கேபிள்கள் சரி என்று தெரிந்த பிறகு, பெடலை மறுபடி இணைத்துப் பாருங்கள்.

- விளக்கு எரியவில்லை, ஆஃப் நிலையில் மட்டும் கிட்டார் கேட்கிறது: மின்சாரம் உள்ளே போகவில்லை. அடாப்டர், பேட்டரி அல்லது மின்சாரம் நுழையும் இடத்தைப் பாருங்கள்.
- விளக்கு எரிகிறது, ஆன் செய்தால் சத்தம் இல்லை: முதலில் வால்யூம் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கும். அது சரியென்றால் கால் சுவிட்ச் அல்லது உள் சர்க்யூட்.
- சத்தம் விட்டுவிட்டு வருகிறது: கேபிளை லேசாக ஆட்டும்போது வந்து போனால் ஜாக். சுவிட்சை அழுத்தும்போது வந்து போனால் சுவிட்ச்.
- சத்தம் வருகிறது, கூடவே 'உம்ம்' என்ற இரைச்சல்: அடாப்டரைச் சந்தேகியுங்கள். ஒரே அடாப்டரில் பல பெடல்களைக் கோத்திருந்தால், ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் முக்கியம். 'ட்ரூ பைபாஸ்' வகைப் பெடல்கள் ஆஃப் நிலையில் சிக்னலை அப்படியே கடத்திவிடும், மின்சாரமே வேண்டாம். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் போன்ற 'பஃபர்' வகையில் அப்படி இல்லை. மின்சாரம் இல்லையென்றால் ஆஃப் நிலையிலும் சத்தம் வராது. அதனால் முழு மௌனம் என்றதும் உள்ளே எல்லாம் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம்.

பின் பொருந்தினால் அடாப்டர் சரியானதுதானா?

இல்லை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி வேண்டும். அதைவிட முக்கியம், பின்னின் உள்பக்கம் நெகட்டிவ், வெளிப்பக்கம் பாசிட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், உள்பக்கம் பாசிட்டிவ். அதாவது நேர் தலைகீழ். ஆனால் பின்னின் அளவு பெரும்பாலும் ஒன்றேதான், வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் விட்டம் 2.1 மில்லிமீட்டர். கைக்குப் பொருந்துவது சர்க்யூட்டுக்குப் பொருந்தாது.

செருகும் முன் அடாப்டர் லேபிளில் இந்த மூன்றையும் படியுங்கள்:

- வோல்ட்: பெடலில் அச்சிட்ட எண்ணேதான் இருக்க வேண்டும். சில பெடல்களுக்குள் இருக்கும் வோல்டேஜ் மாற்றும் சிப், 10 வோல்ட்டைச் சற்றுத் தாண்டினாலே போய்விடும்.
- துருவம்: நடுவில் புள்ளி, சுற்றி அரை வட்டம், இருபுறமும் பிளஸ், மைனஸ் குறிகள் கொண்ட படம் இருக்கும். நடுப் புள்ளி மைனஸோடு இணைந்திருக்க வேண்டும்.
- மில்லிஆம்பியர்: பெடல் கேட்பதைவிட அதிகமாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. சாதாரண டிஸ்டார்ஷன் பெடலுக்குச் சில மில்லிஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலே போன்றவை 100-ஐத் தாண்டிக் கேட்கலாம்.

லேபிள் அழிந்திருந்தால் மல்டிமீட்டர் சொல்லிவிடும். டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளியேயும் வையுங்கள். உங்களுக்கு வேண்டிய விடை மைனஸ் 9. வெறும் 9 என்று காட்டினால் அந்த அடாப்டர் உங்கள் பெடலுக்கு ஆகாது. புதிதாக வாங்கும்போது பிஐஎஸ் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியில் போடும்போது கவனிக்க வேண்டியது?

பல பெடல்களில் தனியாகப் பவர் சுவிட்ச் கிடையாது. இன்புட் ஜாக்கில் கேபிளைச் செருகினால்தான் பேட்டரி இணையும். இதனால் இரண்டு சிக்கல்கள். வாசித்து முடித்தும் கேபிளைப் பிடுங்காவிட்டால் பேட்டரி இரவெல்லாம் தீரும். சாதாரண மோனோ கேபிளுக்குப் பதில் ஸ்டீரியோ பின் கொண்ட கேபிளைச் செருகினால், பேட்டரி புதிதாக இருந்தாலும் பெடல் உயிர் பெறாது.

புதிய 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி மீட்டரில் 9-க்குச் சற்று மேலே காட்டும். 7-ஐ நெருங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள். விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். சர்க்யூட்டுக்குப் போதாத வோல்டேஜிலும் எல்இடி மங்கலாக எரியும்.

மூடியைத் திறக்கலாமா?

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள், நேராகச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி முடிந்திருந்தால், அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு அடிமூடியைக் கழற்றலாம். 9 வோல்ட் பெடலுக்குள் ஷாக் அடிக்கும் மின்சாரம் இல்லை. ஆனால் அடாப்டரையும் ஆம்ப்பையும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அங்கே இருப்பது உயிரைப் பறிக்கும் மின்சாரம். வால்வு வைத்த பெடல்களையும் தொட வேண்டாம்.

திறந்ததும் கண்ணால் பாருங்கள். அறுந்த ஒயர், லூசான ஜாக் நட்டு, பேட்டரி கசிந்த பச்சைப் படிவு, கருகிய புள்ளி, விரிசல் விட்ட ஈயப் பற்று. பாதிக் கதையை இவையே சொல்லிவிடும். குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்று வந்தால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும்.

அடுத்த அறிகுறியை மறக்காதீர்கள். அடாப்டர் தனியாக 9 வோல்ட் காட்டுகிறது, பெடலில் செருகியதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பல பெடல்களில் மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு டயோடு காவலுக்கு நிற்கும். தலைகீழாக மின்சாரம் வந்தால் அது அடியைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகும், பின்னால் இருக்கும் சிப்பைக் காப்பாற்றும். அதை மாற்றும்வரை சரியான அடாப்டரைப் போட்டாலும் பெடல் எழாது.

சரிசெய்து கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுநீக்கும் உரிமை'க்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல் அதற்கான இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். இசைக் கருவிகள் அந்த நான்கில் இல்லை. வாரண்டிக்குள் சர்வீஸ் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். வாரண்டி முடிந்த பெடலுக்கு, உங்கள் தெருவில் சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் மெக்கானிக்தான் நடைமுறையில் துணை.

எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. அந்தச் சனிக்கிழமை மதியம், சந்துக்குள் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். மீட்டரை வைத்தார், டயோடின் ஒரு காலைத் தூக்கினார், மறுபடி மீட்டரை வைத்தார். "வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி, வாசல்ல நின்ன வாட்ச்மேன்தான் செத்துட்டான்" என்றார். புது டயோடு போட்டார். செலவு ஒரு பிளேட் பிரியாணி விலைகூட இல்லை.

மாலையில் பெடல் மேடையில் இருந்தது. என் ரவுட்டர் அடாப்டரில் இப்போது சிவப்பு டேப் சுற்றி, 'ரவுட்டருக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டு அடாப்டர்களிலும் இன்றைக்கே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.