அடுக்களையிற் சிக்கனம்

சிக்கனம் சந்தையிலே தொடங்குகின்றது என்பது பலருடைய எண்ணம். உண்மையில் அது அடுக்களைத் தட்டிலே தொடங்குகின்றது. வீட்டில் என்ன இருக்கின்றது என்பதை அறியாது சந்தைக்குச் செல்பவர், இருப்பதையே மீண்டும் வாங்குவர். வேண்டியதை மறந்து திரும்புவர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒரு ரூபாய்ப் பொருளை ஏறக்குறைய இரண்டு ரூபாய் கொடுத்து வாங்க நேர்ந்த அந்நாளில், இலங்கையின் இல்லங்கள் பலவும் இவ்வுண்மையை அனுபவத்தில் அறிந்தன.

தட்டிலும் பேணிகளிலும் உள்ளவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்வது முதல் வேலை. விரைவிற் கெடுவதை முதலிற் சமைப்பது இரண்டாவது. கீரை இன்றைக்கு, கத்தரிக்காய் நாளைக்கு, வெட்டாத பூசணிக்காய் அடுத்த வாரம் வரையும் காத்திருக்கும். பருப்பு, பயறு, கருவாடு, மோர்மிளகாய் ஆகியன கை வறண்ட நாளுக்குரிய சேமிப்பு.

பொருள் குறைவாக இருக்கும்போது சேர்க்கை முக்கியமாகின்றது. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் பயற்றிலும் அது மிகுதி. ஆகவே, மிஞ்சிய ஒரு பிடி பருப்பு சோற்றுடன் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, காலையில் மிஞ்சிய பிட்டையோ இடியப்பத்தையோ அதிற் பிரட்டினால் மதிய உணவாகும். முதல்நாட் பாணைத் தோசைக்கல்லில் வாட்டிச் சொதியுடன் உண்ணலாம்.

எனினும், மீதிக்கு எல்லை உண்டு. சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் அழிவதில்லை. சோறு வெப்பத்திலே நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். பின்னர் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. சோறு ஆறியவுடன் நீரூற்றி வைக்கும் வழக்கத்தில் நல்ல பொருள் உண்டு. இரவில் அது புளிக்கும்போது உண்டாகும் அமிலம், தீய கிருமிகள் பெருகுவதைத் தடுக்க உதவுகின்றது. ஆயினும், கூழ்போல் வழுக்கும் சோற்றையும் துர்நாற்றம் வீசும் சோற்றையும் கொட்டிவிட வேண்டும். தேங்காய்ப்பாற் கறியும் மீன்கறியும் விரைவிற் கெடுவன. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அவற்றை அன்றன்றைக்கு அளந்து சமைப்பதே தகும். நோய்க்குச் செலவிடும் பணத்தை எந்தச் சிக்கனமும் மீட்டுத் தராது.

இனி, கணக்கில் வராத ஒரு செலவு இருக்கின்றது. பல இல்லங்களில் எல்லாரும் உண்டபின் சட்டியின் அடியில் மிஞ்சியதே தாயின் பங்கு. மீனும் முட்டையும் பிறருக்குப் போய்விட, அவளுக்குக் குழம்பும் சோறுமே எஞ்சுகின்றன. நாளடைவில் இரும்புச்சத்துக் குறைந்து, இரத்தசோகையும் களைப்பும் அவளைப் பற்றுகின்றன. இது சிக்கனமன்று, ஒருவரின் உடலிலிருந்து எடுக்கும் கடன். மீதியைத் தனியே ஒருவர் தலையில் கட்டாது, எல்லாருக்கும் பொதுவான அடுத்த உணவாக மாற்றுவதே முறை. கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஆதலால் தேநீரைச் சற்றுப் பிந்தி அருந்துவது நன்று.

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரில் ஊறவைத்துக் கைப்பு நீக்கிய ஒடியல் மா, ஒரு பிடி அரிசி, நாலைந்து பயிற்றங்காய், சில பலாக்கொட்டை, ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை, சிறுமீன், புளி, செத்தல் மிளகாய்: இவற்றுள் எதுவும் தனியே ஒரு கறிக்குப் போதாது. ஒரே பானையிற் சேர்ந்தபோதோ குடும்பம் முழுவதற்கும் போதும். கோலிய பலாவிலையில் அதனை அருந்த எல்லாரும் சுற்றி அமர்கின்றனர். தாயும் உடன் அமர்கின்றாள். அடியில் மிஞ்சும்வரை அவள் காத்திருப்பதில்லை.