மரத்துக்கு விசா கிடையாது

உலகப் போன்சாய் மாநாடு என்று பேப்பரில் படித்தால் என்ன நினைப்போம்? ஜப்பான்காரர் பல நூறு வருடத்துப் பைன் மரத்தைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வருவார், இத்தாலிக்காரர் தன் ஆலிவ் மரத்தோடு வந்து இறங்குவார், எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் பார்த்துவிடலாம் என்றுதானே? அப்படி நடப்பதில்லை. ஆள் வருவார், மரம் வராது.

காரணம் மண். வேரில் ஒட்டிய ஒரு பிடி மண்ணுக்குள் நூற்புழு இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டை இருக்கலாம். அதனால் வெளிநாட்டு மண்ணைப் பெரும்பாலான நாடுகள் வாசலிலேயே மறித்துவிடுகின்றன. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணை இருக்கிறது. இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்புகிற நாட்டின் சான்றிதழ் வேண்டும், மண் கூடவே கூடாது. வேரை அலசிக் கொண்டுவரலாமே என்றால், அலசிய மரம் பிழைத்தெழுந்து பழைய லட்சணத்துக்கு வரவே வருடக்கணக்காகும். நாலு நாள் கண்காட்சிக்கு யார் அந்தப் பாடு படுவார்?

அரசாங்கமே அரசாங்கத்துக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். அமெரிக்காவின் இருநூறாவது சுதந்திர ஆண்டுக்காக ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசாக அனுப்பியது. 1975இல் போய் இறங்கின. நேரே வாஷிங்டன் கொண்டுபோய் வைக்கவில்லை. மேரிலாந்தில் ஏறக்குறைய ஒரு வருடம் தனியே அடைத்துவைத்துக் கண்காணித்த பிறகுதான் 1976இல் தேசிய மரத் தோட்டத்துக்குள் விட்டார்கள். அதில் ஒரு வெள்ளைப் பைன், 1625 முதல் தொட்டியில் வளர்ந்தது. மசாரு யமாகி என்பவரின் குடும்பத்து மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் ஒரு சுவருக்குப் பின்னால் நின்று தப்பித்தது. கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. 2001இல் அவர் பேரன்கள் மரத்தைப் பார்க்கப் போனபோதுதான் தோட்டத்துக்காரர்களுக்கே தெரிந்தது.

இதையெல்லாம் சொல்கிற எனக்குக் கோவை சிங்காநல்லூரில் மோட்டார் வைண்டிங் கடை. இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவதோடு சரி. மிச்ச நேரமெல்லாம் மொட்டை மாடியில், தொட்டிகளோடு. கடைக்கும் மாடிக்கும் நடுவில் இருப்பது செம்புக் கம்பி. போன்சாய்க் கிளையை வளைக்கக் கம்பி சுற்றுவார்கள். அலுமினியம் போதும், ஆனால் தடித்த கிளையைப் பிடித்து நிறுத்தச் செம்புதான் சரி. வைண்டிங் கம்பி எனாமல் பூசியது, ஆகாது. வெறும் எர்த் கம்பியை எடுத்து, மங்கலான சிவப்பு வரும்வரை அடுப்பில் காய்ச்சி ஆறவிட்டால் நூல்போல் இளகிவிடும். கிளையில் சுற்றி வளைத்ததும் தானே இறுகிக்கொள்ளும். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி, சாய்வாக நாற்பத்தைந்து டிகிரியில் சுற்று. கழற்றும்போது பின்னோக்கிச் சுற்றி எடுக்கக் கூடாது, பட்டை கிழியும். கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்க வேண்டும். புத்தகத்தில் ஆறு மாதம் என்று போட்டிருக்கும். அது குளிர் நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கு ஆலும் இச்சியும் ரெண்டு மாதத்திலேயே பெருத்துக் கம்பியை விழுங்க ஆரம்பித்துவிடும்.

கடைக்கு வருகிறவர்கள் மாடிக்கும் வந்து பார்ப்பார்கள். "ஏனுங், அந்த மரம் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? சோறு போடாம சூம்ப வெச்சிட்டீங்களே!" என்பார்கள். சோறு போடாமல் எந்த மரமும் பிழைக்காது. தொட்டி மரத்துக்குத்தான் தினமும் தண்ணீர், மாதா மாதம் எரு. ஆடிக் காற்றில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஊற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற அந்தக் காற்று மத்தியானத்துக்குள் தொட்டியை உலர்த்திவிடும். மரம் குள்ளமாவது பட்டினியால் அல்ல. நுனி மொட்டு ஒரு சுரப்பைக் கீழே அனுப்பி, பக்கத்து மொட்டுகளை எழவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்த அதட்டல் நின்று, கீழே தூங்கிய மொட்டுகளெல்லாம் விழிக்கும். உயரம் நிற்கும், கிளை பெருகும், இலை சிறுக்கும். கீழே வேரையும் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒதுக்கிப் புது மண் போட்டால் மேலுக்கும் கீழுக்கும் கணக்கு சரி. விதையில் ஒரு மாற்றமும் இல்லை; அதே மரத்தை எடுத்துத் தோட்டத்தில் நட்டால் கிணற்று மேட்டு ஆலமரம்போல் விரிந்துவிடும்.

மாநாட்டுக் கதைக்கு வருகிறேன். 1923இல் டோக்கியோவைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்துக்குப் பின், அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் சிலர் இடம் தேடி வடக்கே ஓமியாவுக்குப் போய் 1925இல் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். அந்த ஊரில்தான் 1989 ஏப்ரலில் முதல் உலக மாநாடு கூடியது. உலகப் போன்சாய் நட்புறவுக் கூட்டமைப்பும் அப்போது பிறந்ததுதான். முதல் தலைவர் ஓமியாவின் சபுரோ கதோ. நாலு வருடத்துக்கொரு முறை என்று வைத்துக்கொண்டு ஓர்லாண்டோ, சியோல், மியூனிக், வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், சீனத்து ஜின்டான் என்று சுற்றி 2017இல் மறுபடி ஓமியா இருக்கிற சைத்தாமாவுக்கே வந்தது. அடுத்தது ஆஸ்திரேலியாவின் பெர்த். 2021இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. பெர்த் இருக்கிற மேற்கு ஆஸ்திரேலியா, சொந்த நாட்டின் மற்ற மாநிலத்துச் செடிக்கும் மண்ணுக்கும்கூடக் கெடுபிடி காட்டுகிற இடம். சிட்னி மரமே அங்கே சுலபமாக நுழைய முடியாது. ஜப்பான் மரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் எதற்கு இத்தனை பேர் கூடுகிறார்கள்? கையைப் பார்க்க. கண்காட்சி மரங்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்களுடையவை. அவை பாட்டுக்கு ஓரமாக வரிசையில் இருக்கும். கூட்டம் அம்முவது செய்முறை மேடை முன்னால். வெளிநாட்டிலிருந்து வந்த ஆசானுக்கு, அதுவரை அவர் கண்டிராத ஓர் உள்ளூர் மரத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். முக்கால்வாசி, புதர் மண்டிய நர்சரி மரம். அவர் உடனே கத்தரியைத் தொடமாட்டார். சுழல் பலகையில் வைத்து மெள்ளச் சுற்றிப் பார்ப்பார். குச்சியால் மேல் மண்ணைக் கிளறி, தண்டிலிருந்து வேர் எங்கே பிரிகிறது என்று தேடுவார். வேர் எந்தப் பக்கம் நன்றாக ஊன்றியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் முகம். முகம் முடிவானதும் கத்தரி பேச ஆரம்பிக்கும். ரெண்டு மூன்று மணி நேரத்தில் பாதி மரம் தரையில் கிடக்கும். முன் வரிசையில் யாராவது அம்மா "ஐயோ" என்பார். மொழிபெயர்ப்பாளர் பேசிக்கொண்டிருப்பார், அவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். எல்லார் கண்ணும் அந்த விரல்களில்தான். பல மாநாடுகளில் கடைசியில் அந்த மரத்தை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். ஊர்க்காரர் ஒருவர் எடுத்துப் போவார். ஆசானின் கை வேலை உள்ளூரில் தங்கிவிடுகிறது; ஆசான் கத்தரிப் பெட்டியோடு விமானம் ஏறிவிடுகிறார். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

நம் பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. மைசூரில் ஊட்டி ரோட்டில் இருக்கிற அவதூத தத்த பீடம், கணபதி சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரமம், 2016 டிசம்பரில் சர்வதேசப் போன்சாய் மாநாடு கூட்டியது. 2,649 மரங்களை ஒரே இடத்தில் வைத்துக் கின்னஸ் சாதனையும் வாங்கியது. நம்மூரிலிருந்து போவதென்றால் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு, சாமராஜநகர், நஞ்சன்கூடு. மைசூர் ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஆசிரமம் வந்துவிடும். அங்கே நிரந்தரமாகவே கிஷ்கிந்தா மூலிகா என்ற போன்சாய்த் தோட்டம் இருக்கிறது. இராசிக்கும் நட்சத்திரத்துக்கும் உரிய மரங்கள்கூடத் தட்டில் நிற்கின்றன. குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் தேடுவது அவரவர் நட்சத்திரத்தைத்தான். அஸ்வினிக்காரர் எட்டி மரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

மைசூர்ச் சாதனை ரொம்ப நாள் நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் புனேயில் பிராஜக்தா காளே நடத்திய சர்வதேச மாநாட்டில் 3,333 மரங்களை வைத்து முந்திக்கொண்டார்கள். எனக்கு இந்த எண்ணிக்கை விளையாட்டில் பெரிய ஆர்வமில்லை. டோக்கியோவில் 1934இல் தொடங்கிய கொக்குஃபு கண்காட்சி இருக்கிறது. அங்கே சில நூறு மரங்கள்தான், அதற்குள் இடம் பிடிக்க ஆயுசு முழுக்க உழைக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் மைசூரையும் புனேயையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பூந்தொட்டிக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு விற்கிற குண்டுக் கால் இச்சிதான் போன்சாய் என்று நினைத்திருந்த எத்தனையோ பேர், நிஜமான மரத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

குறை வேறொன்று. மரத்துக்கு விசா இல்லை என்றால், ஒவ்வொரு ஊரும் தன் மரத்தைத்தானே மேடையேற்ற வேண்டும்? நாமோ ஜப்பான் பைனின் சாய்வையே ஆலமரத்திலும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆல் பைன் அல்ல. அது விழுது விடும், அகலும், தண்டும் வேரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் அழகு பந்தலில் இருக்கிறது, கோபுரத்தில் இல்லை. ஆஸ்திரேலியர்கள் தங்கள் அத்தியையும் பேங்க்ஸியாவையும் கூச்சப்படாமல் தட்டில் வைக்கிறார்கள். மண் விஷயத்திலும் இப்படித்தான். ஜப்பானின் அக்கடாமா மண்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செங்கல்லை உடைத்துச் சலித்து, பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவில் கொஞ்சம் கலந்துகொள்கிறேன். தண்ணீர் வடிய வேண்டும், ஈரம் கொஞ்சம் தங்க வேண்டும், அவ்வளவுதானே வேலை.

மரத்துக்கும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. போகவும் கூடாது, காப்புக் காட்டில் ஒரு செடியைப் பிடுங்கினாலும் குற்றம். காமராஜர் ரோட்டுப் பக்கம் மூடிக் கிடக்கிற பழைய மில் சுவரைப் பாருங்கள். காக்காய் போட்ட அரச விதையும் ஆல விதையும் காரைக்குள் வேர்விட்டு, வருடக்கணக்காக ஒரு முழத்துக்கு மேல் வளராமல், தண்டு மட்டும் முறுக்கேறி நிற்கும். கட்டடத்துக்காரரே எடுத்துப் போகச் சொல்வார், சுவர் பிளக்கிறதே.

ஆனால் எனக்குப் பிடித்தது மில் சுவரில் இல்லை, கிழக்கே காங்கேயத்துப் பக்கம். என் அப்புச்சி ஊர் அங்கே. மழை குறைந்த அந்தச் சீமையில் விவசாயம் பண்ணாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கிற கொரங்காடு, ஏக்கர் ஏக்கராக. தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம், சுற்றிலும் கிளுவை வேலி. வேலி ஓரத்தில் முளைத்த வெள்வேலாக் கன்றுகளை ஆடு விடுமா? துளிர்க்கத் துளிர்க்கக் கடித்துவிடும். கடித்த இடத்துக்குக் கீழே நாலு துளிர், அதையும் கடிக்கும். இப்படியே வளர்ந்த ஒரு வேலாவை மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முட்டி உயரம்தான், அடித்தண்டு என் மணிக்கட்டு அளவு. பட்டை வெடித்து, கிளைகள் முட்டிக்கொண்டு, ஒவ்வொரு கணுவிலும் சோடி முள். நுனி கிள்ளுவதைப் பற்றி நான் மேலே விலாவாரியாகச் சொன்னதெல்லாம் ஆட்டுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாமன் மகன்தான் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறான். "மாப்ளே, இதைத் தோண்டிக்கட்டுமா?" என்றேன்.

"எடுத்துக்குங்க மாமா. ஆனா வேலியில மட்டும் கை வெச்சிராதீங்க. கிளுவ ரெண்டு போச்சுன்னா அந்தச் சந்துலயே அத்தன ஆடும் ரோட்டுக்குப் போயிரும்."

"கிளுவைதான் எனக்கு வேணும். தண்டு எப்படித் திரண்டிருக்குது பாரு."

"அதுக்கு எதுக்குப் பிடுங்கோணும்? போத்து வெட்டித் தாரேன். இந்த வேலி பூராம் போத்து நட்டு வந்ததுதானுங்."

அவன் சொன்னதுதான் சரி. கிளுவைக்கு வேர் வேண்டியதில்லை. இலை உதிர்ந்து நிற்கிற காலத்தில் கைத்தடிமன் போத்தை வெட்டி, வெட்டுவாயை நிழலில் காயவிட்டு நட்டால் பிடித்துக்கொள்ளும். தண்டு தடிக்கப் பத்து வருடம் காத்திருக்கிற வேலை மிச்சம். அரிவாளோடு வேலிப் பக்கம் போனவன் திரும்பிப் பார்த்து, "கொடிசியாக் கண்காட்சியில இதெல்லாம் வெச்சுக் காட்டுவாங்களா மாமா?" என்று கேட்டான். காட்டினால் வருவாயா என்றேன். "ஆட்டையும் ஓட்டிட்டு வாரேன். பேர் போடறதா இருந்தா அதுக பேரத்தான் போடோணும்" என்றான்.