புதிய பதிப்பு வந்தவுடன் நிறுவாதது ஏன்?

‘பராமரிப்புப் பணியின் காரணமாக ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1.00 மணி முதல் 4.00 மணி வரை இணையவழிச் சேவைகள் கிடைக்கா. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’ இவ்வாறு எங்களிடமிருந்து தங்கள் கைபேசிக்கு அவ்வப்போது ஒரு குறுஞ்செய்தி வருவதுண்டு. பலரும் அதைப் படித்தவுடன் அழித்துவிடுகின்றனர். சிலர் மட்டும் கிளைக்கு வரும்போது, “எங்கள் கைபேசிக்குப் புதிய பதிப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் நிறுவிக்கொள்கிறோம். உங்களுக்கு மட்டும் நள்ளிரவும் மூன்று மணி நேரமும் எதற்கு?” என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. உண்மையில் அந்த மூன்று மணி நேரம், பல வாரங்கள் நடந்த ஒரு வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே. முன்னே நடப்பவை வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை என்பதால் அவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

வங்கிக் கிளை ஒவ்வொன்றிலும், பெரும்பாலும் மேலாளர் அறைக்கு அருகில், கம்பிகள் சூழ்ந்த ஒரு சிறு அலமாரி இருக்கும். அதனுள் இருக்கும் ரூட்டர் என்னும் கருவிதான் கிளையைத் தகவல் மையத்துடன் இணைக்கிறது. பொதுவாக இரண்டு தனித்தனி நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்புகள் பெறப்படுகின்றன. ஒன்று அறுந்தால் மற்றொன்று பணியை ஏற்கும். கேபிள் செல்லாத மலைப்பகுதிகளில் செயற்கைக்கோள் தட்டு அந்தப் பணியைச் செய்கிறது. கோர் பேங்கிங் முறை வந்தபின் கிளையில் பேரேடு என்று தனியாக ஒன்றும் இல்லை. கணக்குகள் யாவும் தகவல் மையத்தில் உள்ளன. எனவே இணைப்பு இல்லையெனில் பணம் வழங்க இயலாது, பாஸ்புக் பதிய இயலாது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றுகூடச் சொல்ல இயலாது. மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியம் எடுக்க இரண்டு பேருந்து மாறி வரும் முதியவரிடம் ‘லைன் இல்லை, நாளை வாருங்கள்’ என்று சொல்ல நேர்ந்த ஒவ்வோர் ஊழியருக்கும் அதன் கனம் தெரியும்.

முற்காலத்தில் இந்த ரூட்டர்களில் ஒரு மாற்றம் செய்ய வேண்டுமெனில், பொறியாளர் ஒவ்வொன்றாக உள்நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆயிரம் கிளைகள் எனில் ஆயிரம் முறை. இன்று கன்ட்ரோலர் எனப்படும் வலையமைப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. விதியை ஓரிடத்தில் ஒருமுறை எழுதினால் போதும். எல்லாக் கிளைகளின் ரூட்டர்களுக்கும் அதுவே கொண்டு சேர்க்கும். எந்தக் கிளையில் எந்த இணைப்பு பழுது, எந்த ஏ.டி.எம். பதில் தரவில்லை என்பவற்றையும் அதுவே திரையில் காட்டும்.

வசதியும் ஆபத்தும் இங்கே ஒரே வாயிலில் நுழைகின்றன. வங்கி வழக்கிலேயே சொல்வதானால், ஒரு கிளையின் பேரேட்டில் ஓர் எழுத்தர் வட்டி விகிதத்தைத் தவறாக எழுதினால் பாதிக்கப்படுவது அந்தக் கணக்கு மட்டுமே. தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கையில் அதே தவறு நேர்ந்தால் நாடு முழுவதும் ஒரே நாளில் தவறான வட்டி கணக்கிடப்படும். கன்ட்ரோலர் என்பது நொடியில் எல்லாக் கிளைகளையும் எட்டும் சுற்றறிக்கை. ஆகவே அந்த மென்பொருளின் பதிப்பை மாற்றுவதை, ஒரு கணினியில் ஒரு செயலியைப் புதுப்பிப்பதற்குச் சமமாக நாங்கள் கருதுவதில்லை.

வலையமைப்பில் செய்யும் ஒரு மாற்றம் எவ்வளவு தொலைவு பாயும் என்பதற்குக் கனடாவில் நிகழ்ந்ததைக் கூறலாம். அந்நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்றான ரோஜர்ஸ், தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. 2022 ஜூலை 8 அன்று விடியற்காலையில் ஆறாம் கட்டப் பணியின்போது, ரூட்டர்களில் இருந்த வடிகட்டும் விதி ஒன்று நீக்கப்பட்டது. அதுவரை தடுக்கப்பட்டிருந்த வழித்தகவல்கள் வெள்ளமெனப் பாய்ந்து மைய ரூட்டர்களைத் திணறடித்தன. ஒரு கோடியே இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொலைபேசியும் இணையமும் இன்றித் தவித்தனர். கனடாவின் இன்டராக் டெபிட் அட்டை வலையமைப்பும் ரோஜர்ஸை நம்பியிருந்ததால் கடைகளில் அட்டை செல்லவில்லை. பழுதுபார்க்க வேண்டிய பொறியாளர்கள் பயன்படுத்திய நிர்வாக இணைப்பும் அதே வலையமைப்பின் மீதே ஓடியதால், அவர்களும் வெளியே நின்றனர். மூல காரணத்தைக் கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் ஆயிற்று.

பின்னர் வெளியான ஆய்வறிக்கையில் எங்களை நிமிர்ந்து உட்காரச் செய்த செய்தி ஒன்று உண்டு. முதற்கட்டப் பணிக்கு ‘உயர்ந்த இடர்’ என்று மதிப்பிட்டிருந்தனர். முந்தைய கட்டங்கள் பழுதின்றி முடிந்ததையே காரணமாகக் கொண்டு, அவர்களின் கணிப்பு முறை அடுத்தடுத்த கட்டங்களின் இடரைக் குறைத்து, கடைசியில் ‘குறைந்த இடர்’ என்று ஆக்கிவிட்டது. இத்தகைய மாற்றத்தை ஆய்வகத்தில் முன்கூட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்பது அறிக்கையின் கருத்து. ஐந்து முறை தணிக்கையில் குறை காணாத கிளைக்கு ஆறாம் முறை தணிக்கையாளரை அனுப்பாமல் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

மென்பொருள் நிறுவனங்கள் ஒரு பதிப்பை முழுமையாக வெளியிடுமுன், பீட்டா என்றும் ரிலீஸ் கேண்டிடேட் என்றும் முன்னோட்டப் பதிப்புகளைச் சில வாடிக்கையாளர்களுக்குத் தருவதுண்டு. ‘பயன்படுத்திப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள், உண்மையான பணிக்கு வேண்டாம்’ என்பது அதன் பொருள். நாங்கள் அவற்றைப் பெற்றுக்கொள்கிறோம். கிளைகள் இயங்கும் கன்ட்ரோலரில் ஒருபோதும் நிறுவுவதில்லை. அப்படியானால் பெறுவது எதற்கு? தயாரிப்பாளரின் ஆய்வகத்தில் இல்லாத ஒன்று எங்களிடம் உள்ளது. பத்தாண்டுகளாகச் சேர்ந்த பலவகை ரூட்டர்கள், வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள், எப்போதோ யாரோ ஒரு தேவைக்காக எழுதி இன்றும் தேவைப்படும் விதிகள் ஆகியவற்றின் கலவையே அது. எங்கள் வீட்டு ஓட்டையை எங்களால்தான் பார்க்க முடியும்.

ஆய்வகம் என்றவுடன் பெரிதாக எண்ண வேண்டாம். அது குளிரூட்டிய ஓர் அறை. கிளைகளில் உள்ள ஒவ்வொரு வகை ரூட்டரிலும் ஒன்று, மிகப் பழையது உட்பட, அங்கே வரிசையாக இருக்கும். உண்மைக் கன்ட்ரோலரின் காப்பு நகல், கடவுச்சொற்கள் மாற்றப்பட்டபின், சோதனைக் கன்ட்ரோலரில் ஏற்றப்படும். இந்த மென்பொருளில் இருப்பவை கருவிகளின் விவரங்களே. வாடிக்கையாளரின் கணக்கு விவரம் எதுவும் அதில் இல்லை.

பின்னர் புதிய பதிப்பை நிறுவி, அதற்குத் தொல்லை கொடுக்கத் தொடங்குவோம். முதன்மை இணைப்பின் கம்பியைப் பிடுங்குவோம். நிறுவல் பாதியில் இருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்போம். கன்ட்ரோலரையே அணைத்துவிட்டு, ரூட்டர்கள் கடைசியாகப் பெற்ற கட்டளைகளைக் கொண்டு எவ்வளவு நேரம் தாமாக இயங்குகின்றன என்று பார்ப்போம். ஒரே நேரத்தில் எல்லாக் கருவிகளையும் மறுதொடக்கம் செய்து, அவை ஒருசேர வந்து கதவைத் தட்டும்போது கன்ட்ரோலர் தாங்குகிறதா என்றும் பார்ப்போம்.

ஒருமுறை ஒரு முன்னோட்டப் பதிப்பு இவை அனைத்திலும் தேறியது. கம்பியைப் பிடுங்கியதும் போக்குவரத்து மாற்று இணைப்பான கைபேசி சிம்முக்கு மாறியது, ஏ.டி.எம். சோதனைப் பரிவர்த்தனையும் நிறைவேறியது. ‘சரி’ என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் சென்றுவிட்டோம். மூன்றாம் நாள், எங்கள் குழுவில் வயதில் இளையவரான ஓர் அலுவலர், பழைய வகை ரூட்டரின் சிம்மில் டேட்டா இன்னும் செலவாகிக்கொண்டிருப்பதைக் கவனித்துச் சொன்னார். முதன்மைக் கம்பியை மீண்டும் செருகி இரண்டு நாட்களாகியும் அந்த ரூட்டர் அதற்குத் திரும்பவே இல்லை. திரையில் பச்சை விளக்குதான் எரிந்தது. இணைப்பு இருந்ததல்லவா! உண்மைக் கிளைகளில் இது நேர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை கேபிள் அறுந்து சரியாகும்போதும் சில கிளைகள் ஓசையின்றிச் சிம்மிலேயே தங்கிவிட்டிருக்கும். வரிசை நீண்டிருக்கும், ‘இன்று சிஸ்டம் மெதுவாக உள்ளது’ என்று ஊழியர்கள் சொல்லிக்கொண்டிருப்பர், காரணம் ஒருவருக்கும் விளங்கியிராது. தயாரிப்பாளருக்குத் தெரிவித்தோம். முழுமையான பதிப்பில் அது திருத்தப்பட்டு வந்தது. அன்றுமுதல் எங்கள் சோதனைப் பட்டியலில் ‘மாறுகிறதா’ என்பதற்குக் கீழே ‘திரும்புகிறதா’ என்ற வரியும் சேர்ந்தது.

திரும்புதல் என்பது மென்பொருளுக்கும் பொருந்தும். வணிகவியல் படித்து வங்கிக்கு வந்த எங்களைப் போன்றோருக்கு இதைப் புரிந்துகொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது. கணக்கியலில் தவறான பதிவை எதிர்ப்பதிவால் சரிசெய்துவிடலாம். மென்பொருளில் அது அவ்வளவு எளிதன்று. புதிய பதிப்பு நிறுவப்படும்போது, தன் தரவுத்தளத்தின் அமைப்பையே அது மாற்றிவிடுவதுண்டு. அதன்பின் பழைய பதிப்பை நிறுவினால், மாறிய தரவுத்தளத்தைப் பழையதால் படிக்க இயலாது. முன்பே எடுத்துவைத்த காப்பு நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்பதே வழி. அந்த நகல் உண்மையிலேயே மீள்கிறதா, மீள எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைச் சோதனை அறையிலேயே கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியில் தாங்கள் காணும் மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி, முன்னேறுவதற்காக அன்று, தேவையானால் பின்வாங்குவதற்காக ஒதுக்கப்பட்டது. மாற்றத்தால் பணிக்கு என்ன பாதிப்பு நேரும் என்று மதிப்பிடுவதும், பின்வாங்கும் வழியை ஆயத்தமாக வைத்திருப்பதும் இந்திய ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுமை வழிகாட்டுதல்களும் வலியுறுத்துபவையே.

இவ்வளவு தயக்கம் இருப்பின் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் இயலாது. 2021 டிசம்பரில் ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் சிறு நிரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதன் கடுமைக்குத் தரப்பட்ட மதிப்பெண் பத்துக்குப் பத்து. பல நிறுவனங்களின் வலையமைப்பு நிர்வாக மென்பொருள்களுக்குள் அந்த நிரல் இருந்தது. அத்தகைய வேளையில் வாரக்கணக்கில் சோதித்துக்கொண்டிருப்பது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டின் தரத்தை ஆராய்வதற்கு ஒப்பாகும்.

அதற்கு முந்தைய ஆண்டு இதற்கு நேர் எதிரான பாடத்தைக் கற்பித்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்பதும் ஒரு வலையமைப்பு நிர்வாக மென்பொருளே. அந்நிறுவனத்திற்குள் ஊடுருவியவர்கள், அதன் அதிகாரபூர்வப் புதுப்பிப்பிலேயே தீங்கு நிரலைக் கலந்துவிட்டனர். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர் நிறுவனங்கள் வரை அதைப் பெற்றன. டிசம்பரில்தான் குட்டு வெளிப்பட்டது. நிறுவனத்தின் மின்கையொப்பம் முறையாகவே இருந்தது. நிறுவியபின் இரண்டு வாரங்கள் வரை அந்த நிரல் அசையாமல் உறங்கியது. இரண்டே நாள் சோதித்தவருக்கு அது எதையும் காட்டியிராது. ஆகையால் சோதனை அறையில் புதிய பதிப்பை வெறுமனே ஓடவிட்டு, அது வெளியே யாருடன் பேச முயல்கிறது என்பதையும் கவனித்து வருகிறோம். சில வாரங்கள் ஒன்றும் நடவாது. நடவாததைக் குறித்துக்கொள்வதும் ஒரு வேலைதான்.

விரைந்தால் ஓர் ஆபத்து, தாமதித்தால் வேறோர் ஆபத்து. இரண்டுக்கும் பொதுவான கால அளவு ஏதும் இல்லை என்பதே எங்கள் அனுபவம். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தமெனில் சோதனையைச் சுருக்குகிறோம். ஆனால் பின்வாங்கும் சோதனையை மட்டும் விடுவதில்லை. புதிய வசதிகளுக்கான பதிப்பெனில் பிறர் நிறுவிச் சில மாதங்கள் கடக்கும்வரை காத்திருப்பதில் எங்களுக்கு வெட்கம் இல்லை.

சோதனைகள் முடிந்த பின்னரும் எல்லாக் கிளைகளும் ஒரே இரவில் மாற்றப்படுவதில்லை. முதலில் எங்கள் அலுவலகங்களின் ரூட்டர்கள், பின்னர் ஒரு சில கிளைகள், சில நாள் இடைவெளிக்குப் பின் அடுத்த தொகுதி என்று பணி நகரும். மாதக் கடைசி, மார்ச் 31-ஐ ஒட்டிய நாட்கள், பண்டிகைக்கு முந்தைய வாரம் ஆகியவற்றைத் தொடமாட்டோம். காசோலையை ஒருவர் பதிய மற்றொருவர் சரிபார்த்து அனுமதிப்பது போலவே, கட்டளையை எழுதுபவர் ஒருவர், அதைப் படித்து ஒப்புதல் தருபவர் வேறொருவர். குறித்த நேரத்திற்குள் ஏ.டி.எம். சோதனை வெற்றி பெறாவிடில், காரணத்தை ஆராயாமலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவோம். ஆராய்ச்சியைப் பகலில் செய்துகொள்ளலாம்.

பராமரிப்பு நேரத்தை ஒட்டி ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் தொகை கழிக்கப்பட்டால், உடனே மறுமுறை முயல வேண்டாம்; வந்த குறுஞ்செய்தியையோ சீட்டையோ வைத்துக்கொள்ளவும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 நாளிட்ட சுற்றறிக்கையின்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அத்தொகை தானாகவே வரவு வைக்கப்பட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, புகார் அளிக்காவிடினும், தங்கள் கணக்கில் சேர வேண்டும். தனிநபருக்கு யு.பி.ஐ. வழியாக அனுப்பிய தொகை பெறுபவரின் கணக்கில் வரவாகாவிடில் அதைத் திருப்புவதற்கான கெடு, மறுநாள் மட்டுமே.

எங்கள் வலையமைப்பைப் புதுப்பிக்கத் தங்களிடமிருந்து எங்களுக்கு எதுவும் தேவையில்லை. ‘வங்கி சர்வர் மேம்படுத்தப்படுகிறது, கணக்கு முடங்காமலிருக்க இந்த இணைப்பை அழுத்தி விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என்று செய்தி வந்தால் அதை அனுப்பியவர் நாங்கள் அல்லர். அதை அழுத்தாமல், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கோ தங்கள் கிளைக்கோ தெரிவிக்கவும்.