அழுத்தம் கேட்கும் இரும்பு

1898இல் பிரிஸ்டல் நகரில் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் ஆற்றிய உரை கோதுமை உண்ணும் நாடுகளைக் கலங்கடித்தது. வயல்களுக்கு உரமாகப் போய்க்கொண்டிருந்த சிலி நாட்டு வெடியுப்பு தீர்ந்துவிடும், அதற்குள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்க வழி கண்டாக வேண்டும் என்றார் அவர். அந்த உப்புக்காக ஏற்கெனவே ஒரு போரே நடந்திருந்தது. 1879இல் மூண்ட அந்தப் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர், ஆஸ்மியத்தை வினையூக்கியாக்கி, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா வடித்துக் காட்டினார். ஆஸ்மியமோ மிக அரிய உலோகம். ஊருக்கெல்லாம் உரம் செய்ய அது எங்கே கிடைக்கும்? பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் மாற்றுத் தேடி ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். ஸ்வீடனின் யெலிவாரே சுரங்கத்து இரும்புத் தாது எதிர்பாராத வேகம் காட்டியது. சுத்த இரும்பில் அந்த வேகம் இல்லை. தாதுவில் கலந்திருந்த அந்நியப் பொருள்களில்தான் சூட்சுமம் என்று ஊகித்து, இரும்போடு அலுமினாவும் பொட்டாசியமும் சேர்த்தார். பெரும்பாலான அமோனியா ஆலைகளில் இன்றும் இருப்பது அந்தக் கலவையின் வாரிசுதான். ஹேபரைக் கொண்டாடும் உலகம் மிட்டாஷை மறந்தது பெரிய அநீதி.

1913இல் அந்த நிறுவனத்தின் ஒப்பாவ் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே உலகப் போர். உரத்துக்கான அமோனியா வெடிமருந்துக்கும் போனது. இன்று மனிதகுலத்தில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு இந்த வினையை நம்பி இருக்கிறது.

அதற்கான விலையும் சிறிதல்ல. ஆண்டுக்கு சுமார் 18 கோடி டன் அமோனியா. அதற்காக வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 45 கோடி டன். ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பதே முக்கியக் காரணம். ஆகவே தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்போம் என்கிறார்கள். இது புதிய யோசனை அல்ல. நார்வேயில் அருவி மின்சாரத்தைக் கொண்டும், 1960களில் பஞ்சாபின் நங்கலில் பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டும் இப்படியே உரம் செய்தார்கள்.

ஹைட்ரஜனை மாற்றினால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. அமோனியா உருவாகும்போது வெப்பம் வெளிப்படும். ஆகவே குறைந்த வெப்பத்தில்தான் அது நிறையச் சேரும். இரும்போ 400 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் சுறுசுறுப்பாகிறது. அந்தச் சூட்டில் உருவான அமோனியாவே திரும்பப் பிரியத் தொடங்குகிறது. அதை ஈடுகட்டத்தான் நூறு, இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தம். வினையூக்கியின் மந்தத்துக்கு நாம் கட்டும் அபராதம் அது. இந்த அழுத்தத்தைத் தாங்கும் ஆலை பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். இரவு பகலாக ஓடவும் வேண்டும். வெயிலும் காற்றும் தரும் மின்சாரமோ விட்டுவிட்டு வருவது. மென்மையான சூழலில் வேலை செய்யும் வினையூக்கி கிடைத்தால், வயலுக்குப் பக்கத்திலேயே சிறு ஆலை வைக்கலாம். உரம் யார் கையில் இருக்கும் என்பதையே அது மாற்றிவிடும்.

அவரை, உளுந்தின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நொதியால் மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே நைட்ரஜனை அமோனியாவாக்குகின்றன. ஆய்வகங்கள் அந்த அளவுக்கு இன்னும் எட்டவில்லை. நெருங்கும் முயற்சிகள் உண்டு. 2012இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவின் குழு, சிமெண்டில் உள்ள கால்சியம், அலுமினியம் ஆக்சைடுகளால் ஆன ஒரு பொருளில் எலெக்ட்ரான்களைத் தளர்வாகத் தங்கவைத்து, அதன்மேல் ருத்தேனியத்தைப் பதித்தது. அந்த எலெக்ட்ரான்கள் ருத்தேனியம் வழியாக நைட்ரஜனுக்குப் போய் அதன் பிணைப்பைத் தளர்த்துகின்றன. குறைந்த அழுத்தத்திலேயே அமோனியா கிடைக்கிறது. ருத்தேனியமும் விலையேறிய அரிய உலோகம் என்பதால், அதே குழு 2020இல் லாந்தனம் நைட்ரைடின் மேல் மலிவான நிக்கலை வைத்துச் செய்து பார்த்தது. அதிலும் அமோனியா கிடைத்தது.