உஷார்! பரிசு கொடுத்துப் படிக்க வைக்காதீர்கள்

கோடை விடுமுறை வந்தால் போதும், பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஏறிவிடுகிறது. ஒரு புத்தகம் முடித்தால் ஐம்பது ரூபாய். பத்து முடித்தால் சைக்கிள். செல்போனிலிருந்து பிள்ளையை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்கிற தவிப்புதான் காரணம், புரிகிறது. ஆனால் பெற்றோர்களே, உஷார்! புத்தகம் பிடிக்காத பிள்ளைக்கு அதை அறவே வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் வழி இது.

1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவரது சகாக்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் நடத்திய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. தானாகப் பிடித்த விஷயத்துக்கே இந்தக் கதி என்றால், இப்போதுதான் துளிர்க்கும் வாசிப்பு ஆசை என்ன ஆகும்?

அட்டவணை தொங்கும் வீட்டில் பிள்ளை புத்தகம் எடுப்பதைக் கவனியுங்கள். முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி எண்ணைப் பார்ப்பான். இருப்பதிலேயே ஒல்லியானதை உருவுவான். நடுவில் இரண்டு முறை, “இன்னும் எத்தனை பக்கம்மா?” முடித்ததும் நாமும் விடுவதில்லை. “கதையோட நீதி என்ன சொல்லு”, “பத்து வரியில எழுதிக் காட்டு.” பள்ளியில் நாள் முழுக்கக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு வந்தவனுக்கு வீட்டிலும் பரீட்சை!

சென்னைப் புத்தகக் காட்சியில் ஆண்டுதோறும் கண்ணில் படும் காட்சி இன்னொன்று. எட்டு வயதுப் பெண் ஒரு காமிக்ஸை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள். “பொம்மப் புக்கெல்லாம் எதுக்கு? வை அங்க. ஜி.கே. புக் எடு” என்கிறார் அப்பா. அவள் வைத்துவிடுகிறாள். அத்தோடு அந்தக் குழந்தைக்குக் கடையில் வேலையில்லாமல் போய்விடுகிறது. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழுக்குக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனையோ பேர் எழுத்துக்குள் நுழைந்தது அந்தப் ‘பொம்மப் புக்கு’ வழியாகத்தான். பிள்ளை கையில் எடுத்ததைப் பிடுங்காதீர்கள். அதே புத்தகத்தை ஐந்தாம் முறை படித்தாலும் தடுக்காதீர்கள். பிடிக்காததைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையையும் கொடுங்கள்.

நமக்குப் பிடித்தது பிள்ளைக்கும் பிடிக்க வேண்டும் என்கிற பேராசையிலும் ஆபத்து இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால், அவன் மிரண்டுதான் போவான். வயதைப் பார்க்காதீர்கள், வாசிப்பு நிலையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்திருப்பது இதனால்தான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் நிலைவாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, பிள்ளைக்கு எழுத்து தெரிந்ததும் நாம் வாசித்துக்காட்டுவதை நிறுத்திவிடுவது. தமிழில் இது இரட்டை நஷ்டம். வீட்டில் ‘போயிட்டிருந்தான்’ என்று கேட்டு வளரும் காதுக்குப் புத்தகத்தின் ‘சென்றுகொண்டிருந்தான்’ பழக்கமே இல்லை. ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். அம்மாவோ தாத்தாவோ தினமும் கால் மணி நேரம் குரல் ஏற்றி இறக்கி வாசித்தால் அந்த நடை காதில் ஏறிவிடும். சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள். கேள்வி மட்டும் கேட்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்குகிறானா? வரியைத் தவறவிடுகிறானா, எழுத்துகளை இடம் மாற்றிப் படிக்கிறானா, சொன்னால் புரிகிறது ஆனால் படித்தால் புரியவில்லையா? அப்போது இரட்டிப்பு உஷார். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். அடுத்து, டிஸ்லெக்ஸியா எனப்படும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் பாருங்கள். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை’ அங்கீகரித்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991 முதல் இந்தப் பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. தயவுசெய்து, அந்தப் பரிசோதனை முடியும்வரை எந்தப் பிள்ளையையும் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.