மாறன் என்று பெயரிட்ட பெற்றோர்

சென்னை முகப்பேரில் கோயில் கொண்டிருக்கும் சந்தான சீனிவாசப் பெருமாளிடம் பிள்ளை வரம் வேண்டி வருவோர் பலர். ‘மகப்பேறு’ என்ற சொல்லே முகப்பேர் என மருவியதாகச் சொல்வதுண்டு. அவ்வாறு வேண்டிப் பெற்ற பிள்ளை, மூன்று வயதாகியும் பேசாமல், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றோர் என்ன செய்வார்கள்? பல குடும்பங்கள் கோயிலுக்கு வருவதையே மெல்ல நிறுத்திவிடுகின்றன. பெருமாளிடம் அவர்களுக்குக் குறையில்லை. வரிசையில் நிற்போரின் பார்வையைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் மாற்றம், வளர்ப்பினால் வருவதன்று. அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943-இல் இதனை விவரித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக் குறையே காரணம் என்று மேலைநாட்டில் பழித்தனர். பின்னர் அது தவறென்று தெளிந்தது. நம் ஊரிலோ முன்வினை என்கிறோம். இரண்டிலும் பழி சுமப்பவள் தாயே.

திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் ‘மாறன்’ என்றே பெயரிட்டு, ஆதிநாதர் சந்நிதிக்குக் கொண்டுவந்தனர். பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மௌனமாக இருந்த அவரிடம், தகுந்த கேள்வியோடு வந்தவர் மதுரகவியார். நம்மாழ்வாரின் யோக நிலையை மருத்துவப் பெயரால் அளப்பது அபசாரம். ஆனால் அந்தப் பெற்றோர் குழந்தையை ஒளித்துவைக்கவில்லை, கோயிலுக்கே அழைத்து வந்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஓசையும் தொடுகையும் பன்மடங்காக உறைக்கும். மின்சார மேளத்தின் முழக்கம் காதைப் பிளக்கும்; தலையில் வைக்கும் சடாரி திடுக்கிடச் செய்யும்; புளியோதரையின் பிசுபிசுப்புக்கூட ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளை அடம் பிடிக்கவில்லை, தவிக்கிறான். கூட்டமில்லாத வேளையில் வருவதும், அர்ச்சகரிடம் முன்பே சொல்லிவைப்பதும் உதவும். வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர், “நீங்கள் முதலில் சேவித்துக்கொள்ளுங்கள், அம்மா” என்று விலகி நின்றால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வீட்டிலும் பெரியோருக்கு வேலை உண்டு. வாரத்தில் ஒரு மாலை பாட்டியோ தாத்தாவோ குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அந்தத் தாய் நிம்மதியாக உறங்குவாள். அறிவுரையைவிட அது மேல்.

பெற்றோரை இரவில் விழிக்கவைப்பது ‘எங்களுக்குப் பின் யார்?’ என்ற கேள்வி. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. அது தெரியாமல் வங்கியில் கையொப்பச் சிக்கலில் திகைப்போர் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். அக்குழு தரும் சான்றிதழைக் கொண்டு வங்கிக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கியும் வழி செய்துள்ளது. மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவரின் பிள்ளை தானே சம்பாதிக்க இயலாதவராயின், குடும்ப ஓய்வூதியம் அவருக்கு ஆயுள் முழுவதும் கிடைக்க விதியுண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் பெற்று, பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆவணங்களில் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே சேர்த்துவிடுவது நல்லது. பின்னர் அலைவது அந்தப் பிள்ளையால் ஆகாத காரியம்.